தளத்துக்கு இரண்டு தண்ணீர்

சித்திரை மாதத்தில் ஒரு நாள், மதுரைக்கு அருகே என் உறவினர் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். காலை ஆறரை மணிக்குப் பூசை முடிந்து மிக்சர் மெஷின் சுழலத் தொடங்கியது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு எம் சாண்ட் எத்தனை பாண்டு (கலவை அள்ளும் சட்டி), முக்கால் அங்குல ஜல்லி எத்தனை பாண்டு என்று ஒருவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போட்டார். தண்ணீரை மட்டும் எவரும் எண்ணவில்லை. பக்கத்தில் இருந்த டிரம்மிலிருந்து பழைய பெயின்ட் வாளியால் மொண்டு, கலவை புரளும் விதத்தைப் பார்த்து ஊற்றினார்கள். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் மேலே கலவையைப் பரப்பிக்கொண்டிருந்த கொத்தனார் குரல் கொடுத்தார்: "தம்பி, கெட்டியா வருது, இன்னும் அரை வாளி ஊத்து." அந்த அரை வாளி அதன்பின் மாலை வரை ஒவ்வொரு சுற்றிலும் விழுந்தது. மறுநாள் காலை பத்து மணியாகியும் தளத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கேட்டதற்கு, "நல்லா காயட்டும் அண்ணே, சாயங்காலமா பாத்தி கட்டிக்கலாம்" என்று பதில் வந்தது.

கம்பியும் சிமெண்டும் நல்ல தரத்தில் வாங்கப்பட்டிருந்தன. வேலை செய்தவர்களும் ஏமாற்றும் எண்ணம் கொண்டவர்கள் அல்லர். ஆனாலும் அந்த ஒன்றரை நாளில், குறைவாக இருக்க வேண்டிய தண்ணீர் மிகுதியாகவும், மிகுதியாக இருக்க வேண்டிய தண்ணீர் இல்லாமலும் போயின. கான்கிரீட்டுக்கு உள்ளே போகும் தண்ணீர் ஒன்று, இறுகிய பிறகு மேலே நிற்கும் தண்ணீர் இன்னொன்று. இரண்டும் ஒரே குழாயிலிருந்து வந்தாலும் அவற்றின் வேலை நேர் எதிரானது. தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே ஒழுகத் தொடங்கி, அடிப்பகுதி பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை இந்த இரண்டு தண்ணீரையும் மாற்றிப் பயன்படுத்தியதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

குழப்பத்தின் வேர் "காய்தல்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. மண் சுவர் உண்மையிலேயே காய்ந்துதான் கெட்டிப்படுகிறது. நீர் ஆவியானால் களிமண் இறுகும், மீண்டும் நனைந்தால் இளகும். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. பல தலைமுறைகளாக இந்த இரண்டு பொருள்களுடன் பழகிய கைகள், சிமெண்டையும் அதே பார்வையில் பார்க்கின்றன. ஆனால் சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. அதன் துகள்கள் தண்ணீருடன் வேதிவினை புரிந்து, தண்ணீரைத் தம்முள் கட்டிக்கொண்டு, நுண்ணிய இழைகளாகவும் படிகங்களாகவும் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதனால்தான் சிமெண்ட் நீருக்கு அடியிலும் இறுகுகிறது. அந்த வினை முடியும் முன்பு கான்கிரீட் காய்ந்துவிட்டால், அது இறுகுவதை நிறுத்திக்கொள்கிறது என்பதே பொருள். துளைகளுக்குள் இருக்கும் ஈரப்பதம் சுமார் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்த வினைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? ஒரு மூட்டை என்பது 50 கிலோ. வேதிவினையில் கட்டுண்டு போவது சிமெண்டின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு. உருவாகும் இழைகளின் இடுக்குகளில் பிடிபட்டு நிற்பது மேலும் 15 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 38 விழுக்காடு, அதாவது மூட்டைக்கு 19 லிட்டர். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் கலவையைப் பரப்புவதற்கான வசதிக்காகச் சேர்ப்பதே தவிர, சிமெண்டுக்கு அதனால் பயன் இல்லை. வசதி முற்றிலும் தேவையில்லை என்று சொல்ல முடியாது; 19 லிட்டரில் கலந்தால் வீட்டு வேலையில் கம்பிகளுக்கு இடையே கலவை இறங்காது. ஆகவே எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, எம் 20 என்ற பலத் தரத்துக்கு, தனி வடிவமைப்பு இல்லாமல் வழக்கமான விகிதத்தில் கலக்கும்போது மூட்டைக்கு 30 லிட்டரை உச்சவரம்பாகக் குறிக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டின் நீடிப்பைக் கருதி அதே தரநிலை தரும் இன்னொரு அட்டவணை இதைவிடக் கண்டிப்பானது: பாதுகாப்பான சூழலில் தண்ணீரும் சிமெண்டும் 0.55 என்ற விகிதத்தைத் தாண்டக்கூடாது. மிதமான சூழலில் 0.50, கடற்கரைச் சூழலில் 0.45. மூட்டைக் கணக்கில் இவை முறையே 27.5, 25, 22.5 லிட்டர். இந்த அளவுகளில் மணலிலும் ஜல்லியிலும் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது.

சிகாகோவில் லூயிஸ் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் வெளியிட்ட ஆய்வில்தான் இந்த விகிதத்தின் முக்கியத்துவம் தெளிவானது. பரப்பக்கூடிய நிலையில் உள்ள ஒரு கலவையின் பலத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே என்று அவர் காட்டினார். 0.50 என்ற விகிதத்தை 0.70 ஆக்கினால், அதாவது மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பதில் 35 லிட்டர் ஊற்றினால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். அந்தப் பத்து லிட்டர் என்பது 20 லிட்டர் பெயின்ட் வாளியில் சரியாக அரை வாளி.

பலம் குறைவதைக்கூட ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். வீட்டுத் தளங்கள் தாங்க வேண்டிய எடைக்கு மேலாகவே வடிவமைக்கப்படுகின்றன. பெரிய இழப்பு துளைகளில் இருக்கிறது. 1,000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் அது 95 மூட்டை அளவுக்கு வரும். மூட்டைக்கு 35 லிட்டர் ஊற்றியிருந்தால், சிமெண்ட் கட்டிக்கொள்ளும் 19 போக, 16 லிட்டர் உபரி. மொத்தத்தில் 1,500 லிட்டருக்கு மேல். ஒரு சிறிய மேல்நிலைத் தொட்டி நிறையும் அளவு தண்ணீர் அந்தத் தளத்துக்குள் இடம்பிடித்து உட்கார்ந்து, பின்னர் மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. அது இருந்த இடமெல்லாம் மயிரிழையைவிட மெல்லிய வழிகளாக மிஞ்சுகின்றன. ஐப்பசி மழை உள்ளே வருவது அந்த வழிகளில்தான்.

இங்கேதான் இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சிமெண்ட் இழைகள் வளர வளர அந்த நுண்வழிகளை இடையிடையே அடைத்துக்கொண்டே போகும். அவை முழுவதும் துண்டுபட்டுவிட்டால், துளைகள் இருந்தாலும் தண்ணீர் கடக்க முடியாது. இதற்கு எத்தனை நாள் ஈரம் வேண்டும் என்பதை அமெரிக்காவின் போர்ட்லாண்ட் சிமெண்ட் சங்கத்தைச் சேர்ந்த பவர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1959இல் கணக்கிட்டார்கள். விகிதம் 0.40 என்றால் 3 நாள் போதும். 0.45 என்றால் 7 நாள், 0.50 என்றால் 14 நாள். அதற்கு மேல் எண்கள் தாவுகின்றன: 0.60 என்றால் ஆறு மாதம், 0.70 என்றால் ஓராண்டு. 0.70ஐத் தாண்டிவிட்டால், எத்தனை காலம் நனைத்தாலும் அந்த வழிகள் அடைபடவே மாட்டா. இந்தச் சில எண்களை வீடு கட்டும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உள்ளே ஊற்றிய தண்ணீர் அளவோடு இருந்தால் இரண்டு வார நனைப்பு பலன் தரும். அளவு மீறியிருந்தால் பின்னால் காட்டும் அக்கறை எல்லாம் வீணாகும்.

அப்படியிருக்க, கொத்தனார் ஏன் தண்ணீர் கேட்கிறார்? சோம்பலால் என்று சொல்லிவிடுவது நியாயமல்ல. சதுர அடிக் கணக்கில் கூலி பேசியிருக்கிறார்கள். தளம் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும். இடையில் நிறுத்தினால் இணைப்பில் ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். ஆற்று மணல் உருண்டையானது, புரளக்கூடியது. எம் சாண்ட் கல்லை உடைத்து வருவது. அதன் துகள்கள் கூர்முனை கொண்டவை, தூளும் அதிகம், ஆகவே அதே இளக்கத்துக்குக் கூடுதல் தண்ணீர் கேட்கும். ஜல்லி தட்டையாகவும் நீளமாகவும் இருந்தால் இன்னும் கேட்கும். வெயிலில் கிடந்து சுட்ட ஜல்லி உள்ளே போகும் நீரை உறிஞ்சிவிடுகிறது. கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் வாடகைக்கு எடுக்கப்படாத இடத்தில், கம்பியால் குத்தியே கலவையை இறக்க வேண்டியிருக்கும்போது, தண்ணீர் ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் வழி. அந்த நாளில் அவருக்கு உதவியாக வேறு எதையும் நாம் ஏற்பாடு செய்து தருவதில்லை.

ஏற்பாடு செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பெயின்ட் வாளியின் உட்புறம் 5, 10, 15, 20 லிட்டர் என்று கோடு போட்டுவைத்தால் தண்ணீர் எண்ணிக்கைக்குள் வந்துவிடும். முதல் நாள் மாலையே ஜல்லியின்மேல் தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடிவைத்தால் அது குளிர்ந்திருக்கும். மறுநாள் கலவைத் தண்ணீரையும் குடிக்காது. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தைக் கழிக்க வேண்டும். மூட்டைக்கு 75 கிலோ மணல் போகிறது, அதில் 5 விழுக்காடு ஈரம் என்றால், நாம் வாளியைத் தொடும் முன்பே ஏறக்குறைய 4 லிட்டர் உள்ளே போய்விட்டது. ஈர மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது உப்பிக்கொள்ளும். கால் பங்குக்கு மேலும் உப்பக்கூடும் என்பதால், பாண்டுக் கணக்கில் அளக்கும்போது மணல் குறைவாகவே விழும்.

அப்போதும் கலவை கெட்டியாக இருந்தால், இளக்கத்துக்கென்றே பிளாஸ்டிசைசர் என்ற திரவம் விற்கப்படுகிறது. அது சிமெண்ட் துகள்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்வதைத் தடுத்து, உள்ளே சிறைப்பட்ட தண்ணீரை விடுவிக்கிறது. சாதாரண வகை தண்ணீர்த் தேவையில் 5 முதல் 10 விழுக்காட்டையும், உயர்வகை 20 விழுக்காட்டுக்கு மேலும் குறைக்கும். இதைச் சிலர் "வாட்டர் புரூஃப் கெமிக்கல்" என்று எண்ணி வாங்கிக் கலவையில் ஊற்றிவிட்டு, வழக்கமான தண்ணீரையும் அப்படியே ஊற்றுகிறார்கள். அப்போது கலவை கூழாகி, சிமெண்ட் பால், தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் சீட் இடுக்குகளில் வடிந்து, ஜல்லி தனியே நிற்கும். திரவம் சேர்த்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அதை வாங்குவதன் நோக்கமே அதுதான். டப்பாவில் குறித்த அளவைக் கலவைத் தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பது முறை.

இளக்கத்தை அளக்க ஸ்லம்ப் கூம்பு இருக்கிறது: 300 மில்லிமீட்டர் உயரம், அடியில் 200, மேலே 100 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட ஓர் இரும்புக் கூம்பு. அதில் கலவையை நிரப்பிக் குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கினால், கலவை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். கையால் பரப்பும் வீட்டுத் தளத்துக்கு 50 முதல் 75 மில்லிமீட்டர் இறக்கம் போதும். அன்று மதுரையில் நான் பார்த்த கலவையைத் தூக்கியிருந்தால் அது தரையில் தோசை மாவு போலப் பரவியிருக்கும். ரெடிமிக்ஸ் லாரியில் வரும் கான்கிரீட்டுக்கும் இது பொருந்தும். ஆலையில் சரியான விகிதத்தில் கலந்து அனுப்பியதை, போக்குவரத்து நெரிசலில் தாமதமாகி இறுகத் தொடங்கிவிட்டது என்பதற்காக, வீட்டு வாசலில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பிடித்துச் சுழற்றும் வழக்கத்தை நானே கண்டிருக்கிறேன். அங்கே சேர்க்க வேண்டியது ஆலைக்காரர் அனுமதிக்கும் திரவத்தையே அன்றித் தண்ணீரை அல்ல.

இனி வெளியே நிற்கும் தண்ணீருக்கு வருவோம். இது மறுநாள் தொடங்குவதன்று. மட்டப்பலகை இழுத்து முடித்த அரை மணியிலேயே தொடங்குகிறது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் கனமான ஜல்லி கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து பளபளக்கும். வெயிலும் காற்றும் அந்தப் பளபளப்பை, அது ஊறி வரும் வேகத்தைவிட விரைவாக இழுத்துவிட்டால், இன்னும் பலமே பெறாத மேற்பரப்பு சுருங்கி வெடிக்கிறது. மாலைக்குள் தளத்தில் கோடுகோடாகத் தெரியும் வெடிப்புகள் பெரும்பாலும் இவைதான். கசிந்த தண்ணீரின்மேல் சிமெண்ட் தூள் தூவித் தேய்த்து அழகாக்குவதும் தவறு. அந்த மெல்லிய ஏடு பின்னால் பெயர்ந்துவிடும். பளபளப்பு மறையும் நேரம் பார்த்து, மேற்பரப்பை மீண்டும் ஒரு முறை மரத் தேய்ப்பால் அழுத்தித் தேய்த்து, உடனே பாலிதீன் விரிப்பால் மூடிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் தொடங்கி இரவில் முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கு. மறுநாள் விடிந்ததும் பாத்தி. களிமண்ணாலோ மெலிந்த சிமெண்ட் கலவையாலோ வரப்புக் கட்டி இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்துவது நம் ஊர்க் கொத்தனார்கள் நன்றாக அறிந்த முறை, கைவிடக்கூடாத முறை. எத்தனை நாள் என்பதில்தான் பிழை நேர்கிறது. "ஏழு நாள் போதும்" என்ற கணக்கு சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் மட்டுமே கிடைத்த காலத்துக்கு உரியது. இன்று வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் விற்பது பி.பி.சி. எனப்படும், அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட். சிமெண்ட் முதலில் வினைபுரிந்து சுண்ணத்தை வெளிவிட, அந்தச் சுண்ணத்துடன் சாம்பல் பின்னர் மெல்லச் சேர்ந்து இன்னும் நெருக்கமான அமைப்பை உண்டாக்குகிறது. நல்ல பொருள்தான், ஆனால் தாமதமாக வேலை செய்யும் பொருள். அந்த இரண்டாம் வேலை தொடங்கும் வேளையில் தண்ணீரை நிறுத்திவிட்டால், மூட்டையில் பணம் கொடுத்து வாங்கிய சாம்பல் வெறும் தூளாகவே உள்ளே தங்கிவிடும். ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு 7 நாளும், வறண்ட வெப்பச் சூழலில் 10 நாளும் குறைந்தபட்சமாக வைத்து, கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது. நம் கோடையில் 14 நாள் என்பதையே கணக்காகக் கொள்ள வேண்டும்.

தளமாவது பாத்தியால் பிழைத்துக்கொள்கிறது. தூண்களுக்கும் சன்ஷேடுக்கும் அந்த வாய்ப்பும் இல்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஹோஸ் பிடித்துவிட்டுப் போனால், நேராக நிற்கும் தூண் பத்து நிமிடத்தில் வெளுத்துவிடுகிறது. சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தச் சாக்கை ஈரமாக வைத்திருப்பதே தூணுக்கு நனைப்பு. சன்ஷேட் மெலிதானது, மேலும் கீழும் காற்றுப்படுவது. பல வீடுகளில் முதலில் பெயர்வது அதுவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நனைக்கும் தண்ணீரும் கலக்கும் தண்ணீரும் குடிக்கத் தக்கதாக இருப்பதே நல்லது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது தரநிலை. கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருந்தால், லாரித் தண்ணீருக்குச் செலவழிப்பதைத் தயங்காமல் செய்ய வேண்டும். நன்கு இறுகிய கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. உப்பு அந்தப் படலத்தை நேரடியாகக் கிழிக்கிறது. துளைகள் வழியே நுழையும் கரியமில வாயு காரத்தையே குறைத்துவிடுகிறது. எப்படியானாலும் முடிவு ஒன்று: கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது, அந்த அழுத்தத்தில் அடிப்பகுதி பிளந்து விழுகிறது.

இத்தகைய தளத்தின்மேல் என்ன போட்டால் சரியாகும் என்று பலர் கேட்கிறார்கள். செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் சேர்த்து மூன்று அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறை இன்றும் சிறந்த வெப்பத் தடுப்பு. தண்ணீர் வடிய வாட்டமும் அதில்தான் கிடைக்கிறது. வெள்ளைப் பூச்சுகளும் சில ஆண்டுகள் மழையைத் தடுக்கும். ஆனால் இவை தளத்துக்குப் பிடிக்கும் குடைகள் மட்டுமே. ஆணியால் கீறினால் மாவாக உதிரும் கான்கிரீட்டை எந்தக் குடையும் கெட்டிப்படுத்தாது.

பாத்தியில் நிற்கும் தண்ணீருக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குச் சாதாரண சிமெண்டில் முட்டுகளை 7 நாளுக்குப் பின் எடுக்கலாம் என்றாலும், பி.பி.சி. போட்ட தளத்தில் இரண்டு வாரம் விட்டுவைப்பது நல்லது. அப்படி விட்டு, மேலே தண்ணீரை வடிக்காமலே சீட்டைப் பிரித்தால், எங்காவது தேன்கூடு, அதாவது ஜல்லிக்கு இடையே சாந்து நிறையாத ஓட்டைகள் இருந்தால் அந்த இடம் அடியிலிருந்து கருமையாக ஈரம் காட்டும். மதுரை வீட்டில் பதினைந்தாம் நாள் சீட்டைப் பிரித்தபோது, கூடத்தின் ஓரத்தில் இரண்டு இடங்கள் அப்படித் தெரிந்தன. கொத்தனார் ஏணியில் ஏறிச் சாக்கட்டியால் இரண்டையும் வட்டமிட்டார். பூச்சு வேலை தொடங்கும் முன்பே அந்த வட்டங்களைக் கொத்தி, சிமெண்ட் பால் செலுத்தி அடைத்தார்கள்.